பாய்மரத்துக்கு ஒரு கதவு

சிவகாசியில் பாய்மரப் படகு வைத்திருக்கிற பட்டாசுக் கம்பெனி போர்மேன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். வேறு யாராவது இருந்திருந்தால் இதற்குள் என்னிடம் வந்து கயிறாவது இரவல் கேட்டிருப்பார்கள். எங்கள் ஊரிலிருந்து கடலுக்குப் போக வேண்டுமென்றால் காலைச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். தெருக்குழாயில் என்றைக்குத் தண்ணீர் வரும் என்று பேசிக்கொண்டிருக்கிற ஊர் இது. இங்கே உனக்கு எதற்குப் படகு என்று கேட்காத ஆள் இல்லை. கேட்டால் நான் சண்டைக்குப் போய்விடுவேன் என்பதால் இப்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால்தான் கேட்கிறார்கள்.

காரணம் என் மனைவி. இதை யாரிடமும் சொன்னதில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பட்டாசு, அவளுக்குக் காலண்டர். ஒரு அச்சகத்தில் காலண்டர் தைத்து, தகரப்பட்டி அடித்து, கட்டுக் கட்டி அனுப்புகிற பிரிவு முழுவதும் அவள் பொறுப்பு. என் சீசன் தை பிறந்தால் மெல்லச் சூடு பிடித்து தீபாவளிக்கு முந்தின வாரம் வரை ஓடும். அவளுடைய சீசன் ஆடியில் தொடங்கி மார்கழிக் கடைசி வரை. தீபாவளி முடிந்து நான் கையைக் காலை நீட்டி உட்காருகிற நேரத்தில் அவளுக்கு லோடு போகவில்லை, ஆர்டர் முடியவில்லை என்று உயிர் போய்க்கொண்டிருக்கும். அவள் தையில் மூச்சு விடும்போது நான் மருந்துக் கலவை அறைக்குள் போயிருப்பேன். இப்படியே முப்பது வருஷம் போய்விட்டது. மகளும் வேலைக்கென்று வெளியூர் போய்விட்ட பிறகு, வீட்டில் இருந்த இரண்டு பேரும் நிதானமாக முகம் பார்த்துக்கொள்ள ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் மிஞ்சியது. அதுவும் வீட்டில் இருந்தால் அவள் துணி துவைப்பாள், நான் தூங்குவேன், சாயங்காலம் யாராவது கல்யாணப் பத்திரிகையோடு வந்துவிடுவார்கள்.

யாரும் வந்து கதவைத் தட்ட முடியாத ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியது. அந்த நேரத்தில்தான் தூத்துக்குடிப் பக்கம் ஒரு விடுதியில், சுற்றுலா வருகிறவர்களுக்காக வைத்திருந்த பதினான்கு அடிப் பைபர் படகு ஒன்றைக் கழித்துப் போட்டிருந்தார்கள். ஒரு குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டேன். படகு வண்டியில், அலுமினியக் குழாயால் ஆன பாய்மரம் வண்டிக்கு வெளியே பாதி நீட்டிக்கொண்டு, நுனியில் சிவப்புத் துணி. எங்கள் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

பாய் விடுவதை நான் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்து, எதையெல்லாம் செய்யக்கூடாது என்று கற்றுக்கொண்டாள். தாயில்பட்டிப் பக்கம் ஒரு கண்மாய், அந்த ஐப்பசி மழையில் தண்ணீர் வழிகிற கலுங்கு வரை நிரம்பியிருந்தது. மீன் குத்தகை எடுத்திருந்தவர் எனக்குப் பழக்கம். வலைக்குள் போகக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு அனுமதித்தார். கரையில் ஆடு மேய்த்தவர்கள் முதல் வாரம் சினிமா படப்பிடிப்பு என்று நினைத்து உட்கார்ந்திருந்தார்கள். கதாநாயகன் என் வயதில் இருப்பதைப் பார்த்து இரண்டாம் வாரம் எழுந்து போய்விட்டார்கள்.

பாயை ஏற்றுவதில் சிக்கல் இல்லை. இறக்குவதில்தான் எங்கள் மானம் போனது. பாய்மரத்தின் முதுகில் அடியிலிருந்து நுனிவரை ஒரு காடி, நீளமான பள்ளம், ஓடும். பாயின் ஓரத்தில் சாண் இடைவெளிக்கு ஒன்றாகப் பிளாஸ்டிக் பட்டன்கள் தைத்திருக்கும். ஜன்னல் திரைச்சீலை கம்பியில் ஓடுவதுபோல இந்தப் பட்டன்கள் அந்தக் காடிக்குள் ஓடும். அவற்றை உள்ளே நுழைப்பதற்காக இடுப்பு உயரத்தில் காடியை அகலமாக வெட்டி ஒரு வாய் வைத்திருப்பார்கள். ஏறும்போது நுழைகிற வாய் அது. கயிற்றைத் தளர்த்தி இறக்கும்போதும் பட்டன்கள் எல்லாம் அதே வாய் வழியாக ஒவ்வொன்றாக வெளியே வந்து விழுந்துவிடும். பிறகு பாயைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. அந்த அம்புட்டுத் துணியும் காற்றில் உப்பிக்கொண்டு பாய்மரத்தின் அடியில் உட்கார்ந்திருப்பவர் தலையில் வந்து விழும். அங்கே உட்கார்ந்திருப்பது என் மனைவி. சுக்கான் என் கையில் இருந்தது, நான் எப்படி நகர முடியும் என்று ஒவ்வொரு தடவையும் நியாயம் பேசினேன்.

நாலாவது ஞாயிறு துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து, கலைந்த முடியை ஒதுக்காமல், அவள் நிதானமாகச் சொன்னாள்.

"படகுல வர எனக்குப் பிடிச்சிருக்கு. பொய் சொல்லல. ஆனா இந்தத் துணி இன்னொரு தடவ எந்தலையில விழுந்துச்சுன்னா, நீங்களும் ஒங்க படகும் இங்கனயே இருந்துக்கோங்க."

அவள் எதையும் இரண்டு தடவை சொல்கிறவள் இல்லை. அச்சகத்தில் அவளுக்குக் கீழே இருக்கிற நாற்பது பெண்களும் அதற்குச் சாட்சி. எனக்குக் கிடைத்த ஒரே அரை நாள் கையைவிட்டுப் போகப் போகிறது என்று பயமாகவே இருந்தது. அந்த வாய்க்கு ஒரு கதவு போட்டுவிடுவது என்று முடிவெடுத்தேன். பாயை மாட்டும்போது திறக்க வேண்டும். மாட்டிய பிறகு மூடிவிட்டால், இறங்குகிற பட்டன்கள் வாயைத் தாண்டிக் கீழே போய் காடிக்குள்ளேயே ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார வேண்டும். பாய்த்துணி போய்வர நடுவில் ஒரு சிறு இடைவெளி விட்ட இரட்டைக் கதவு. காலண்டர் அட்டையில் வெட்டி அளவு பார்த்து, எங்கள் தெருமுனை லேத்துப் பட்டறைக்கு எடுத்துப் போனேன்.

பட்டறைக்காரர் அச்சு இயந்திரங்களுக்குச் சாமான் செய்கிறவர். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்த மிஷினுக்கு அண்ணாச்சி இது என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும், ஸ்டீலில் அடித்துவிடலாம், ஆயுசுக்கும் கிடக்கும் என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வேலையிடத்தில் ஓர் ஆணி கீழே கிடந்தால் அன்றைக்கு முழுவதும் கத்துகிறவன் நான். இரும்பு உரசினால் பொறி, பொறி பட்டால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கரண்டி, சுத்தி, சல்லடை எல்லாம் பித்தளை, மரம், அலுமினியம்தான். என் கைக்கு வேறு எதுவும் தெரியாது. பித்தளையில் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டேன். கதவு, கீல், திருகு எல்லாம் பித்தளை. தாழ்ப்பாள் எங்கே வைப்பது என்று அவர் கேட்டார். வேண்டாம், கதவு வெளிப்பக்கம் திறந்தால் போதும் என்று அதிகாரமாகச் சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பது கண்மாய்க்குப் போன பிறகுதான் எனக்கே விளங்கியது. எங்கள் வேலை அறைகளின் கதவுகள் வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும். ஆள் உள்ளே இருக்கும்போது தாழ்ப்பாள் என்ற பேச்சே கூடாது, தள்ளினால் திறந்துகொள்ள வேண்டும். இந்த விதியை முப்பது வருஷமாக ஒப்பித்தவன் பாய்மரத்துக்கும் அதே கதவை வைத்துவிட்டேன். கயிற்றைத் தளர்த்தியதும் பட்டன்கள் கடகடவென்று இறங்கின, கதவைத் தள்ளின, சங்கு ஊதியதும் வெளியேறுகிற ஆட்கள்போல வரிசையாக வெளியே வந்தன. பாய் முழுவதும் அவள் தலைமேல்.

துணி குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, பாதுகாப்பான கதவுதான், இன்றைக்குத் தலையில் விழுந்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை, அடுத்த வாரம் தாழ்ப்பாளோடு வாங்க என்றாள்.

தாழ்ப்பாள் வைத்த பிறகு கதவு அற்புதமாக வேலை செய்தது. பெருமையாகவே சொல்கிறேன். கயிற்றை விட்டால் பாய் சரசரவென்று இறங்கி, காடிக்கு வெளியே ஒரு பட்டன்கூட வராமல், அவள் அடுக்குகிற காலண்டர் தாள்போல மடிப்பு மடிப்பாக உட்காரும். அவள் எழுந்திருக்கவே வேண்டாம். அந்தக் கார்த்திகையும் மார்கழியும் எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு வந்த நல்ல காலம் என்றுதான் சொல்வேன். காலண்டர் லோடு ஏற்றிவிட்டு அசந்துபோய் வந்து படகில் ஏறுவாள். கண்மாய் நடுவில் போனதும் பாயை இறக்கிவிட்டு, புளியோதரையைத் திறந்துவைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்போம். எங்களுக்குள் இவ்வளவு பேச்சு மிச்சம் இருந்தது எனக்கே தெரியாது. அவள் பிரிவில் யார் யாருடன் பேசுவதில்லை என்பது வரை எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

தையில் வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டதில் கண்மாய் வற்றத் தொடங்கியது. வேம்பார்ப் பக்கம் கடற்கரையில் அவளுடைய அக்கா வீடு இருக்கிறது. படகை அங்கே கொண்டுபோய்ப் போட்டோம். ஞாயிறு விடிகாலை பஸ் ஏறினால் வெயில் ஏறுவதற்குள் தண்ணீரில் இருக்கலாம். கடலில் பாய் விடுவது வேறு ருசி. இரண்டு மூன்று வாரத்தில் பித்தளைக் கதவின் ஓரத்தில் வெள்ளையாக மாவுபோல ஏதோ பூத்திருந்தது. உப்பு என்று துணியால் துடைத்துவிட்டேன். அடுத்த வாரமும் இருந்தது. அப்போதும் துடைத்துவிட்டேன்.

மாசியில் ஒரு ஞாயிறு, நடுப்பகலுக்கு மேல் காற்று திடீரென்று பலத்தது. பாயை இறக்கு என்றேன். அவள் கயிற்றை விட்டாள். பாதி தூரம் இறங்கிய பாய் அப்படியே நின்றுவிட்டது. கதவு கோணி, நடுவில் இருந்த இடைவெளி இறுகி, பட்டன் அதில் மாட்டிக்கொண்டிருந்தது. ஏற்றவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை. பாதிப் பாயில் காற்று நிறைந்து படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடியது. அவள் எழுந்து நின்று இரண்டு கையாலும் துணியைப் பிடித்து இழுத்தாள். நான் அப்படி இழு, இப்படி இழு என்று கத்தினேன். கத்துவதைத் தவிர நான் உருப்படியாக எதுவும் செய்யவில்லை. பாயின் அடிக்கம்பு சட்டென்று திரும்பி அவள் தோளில் அடித்தது. முழங்காலிட்டு விழுந்தவள் துணியை விடவில்லை. இரண்டு விரல் நகம் பெயர்ந்து பாயெல்லாம் ரத்தம். நல்லவேளையாகக் காற்று எங்களைக் கரைப்பக்கமே தள்ளி ஒரு மணல்திட்டில் ஏற்றிவிட்டது. முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தோம்.

அக்கா வீட்டில் விரலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டாள். பஸ்ஸில்தான் சொன்னாள்.

"இனிமே நான் வரல."

தலையில் துணி விழுந்தால் என்று முன்பு சொன்னதில் ஒரு விளையாட்டு இருந்தது. இதில் இல்லை. அருப்புக்கோட்டை தாண்டும்வரை நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு தனியாகப் போய்க் கதவைக் கழற்றினேன். திருகைத் தொட்டதும் கையோடு வந்தது. பித்தளை நன்றாகவே இருந்தது. அதற்குக் கீழே இருந்த பாய்மரம் எறும்பு அரித்த வெல்லக்கட்டிபோல் குழி குழியாக இருந்தது. அந்த வெள்ளை மாவு உப்பு இல்லை, என் அலுமினியம். பித்தளையும் அலுமினியமும் ஒட்டியிருக்க, நடுவில் உப்புத் தண்ணீர் இருந்தால் பித்தளை அலுமினியத்தைத் தின்றுவிடும் என்பது கல்லூரியில் முதல் வருஷ வேதியியல் பாடம். நான் வேதியியல் பட்டதாரி. அலுமினியப் பவுடரில் ஈரம் படக்கூடாது, அதோடு எதைச் சேர்த்து வைக்கக்கூடாது என்று வருஷம் முழுவதும் ஆட்களுக்கு வகுப்பு எடுக்கிறவன். மணலில் உட்கார்ந்து என்னை நானே திட்டிக்கொண்டேன். அவள் தோளில் பட்ட அடி நான் அடித்த அடி என்றே தோன்றியது.

வீட்டுக்கு வந்து மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுப் போட்ட விரலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். வேறொருத்தி என்றால் படிச்சுமா இப்படி என்று கேட்டிருப்பாள். அவள் கேட்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. இரண்டு நாள் கழித்து அச்சகத்திலிருந்து வந்தவள் பையிலிருந்து ஒரு ரப்பர் துண்டை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் போட்டாள். ஆப்செட் இயந்திரத்தில் உருளையைச் சுற்றியிருக்கிற பிளாங்கெட், தேய்ந்துபோனதால் கழித்தது.

"எங்க மிஷின்ல பிளேட்டு பேப்பரத் தொடவே தொடாது. நடுவுல இதான் கெடக்கும். ஒங்க கதவுக்கும் மரத்துக்கும் நடுவுல இதைக் குடுத்துப் பாருங்க."

வருவேன் என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் துணியவில்லை.

இந்தத் தடவை லேத்துக்காரர் சொன்னதைக் கேட்பதாக முடிவெடுத்தேன். கதவு கனமான அலுமினியத் தகட்டில், திருகுத் துளைகள் அரித்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி. கதவுக்கு அடியிலும் திருகின் கழுத்திலும் பிளாங்கெட் ரப்பர். திருகுகள் மட்டும் துருப்பிடிக்காத ஸ்டீல். ஸ்டீல் என்பதால் அவற்றை வாங்க மனம் வராமல் மூன்று நாள் கடை வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். கடைசியில் வாங்கிவிட்டு, ஒன்றைச் சட்டைப் பையில் மறந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். கேட்டில் என் பையைத் தடவிய வாட்ச்மேன் அதை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். மற்றவர்களுக்கு என்ன செய்வேனோ அதையே எனக்கும் செய்துகொண்டேன். வீட்டுக்குத் திரும்பிப் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தேன். அந்த வாரம் முழுவதும் ஆட்கள் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

கதவை மாட்டியாகிவிட்டது, நீ வந்து பார்த்தால் மட்டும் போதும், ஏற வேண்டாம் என்றேன். பங்குனியில் ஒரு ஞாயிறு வந்தாள். படகு மணலில் இருக்கும்போதே பாயை ஏற்றினாள், இறக்கினாள். மறுபடி ஏற்றினாள், இறக்கினாள். பத்துத் தடவை இருக்கும். அச்சான தாளைக் கண்ணுக்கருகில் வைத்துப் பார்ப்பதுபோலக் கதவைக் குனிந்து பார்த்தாள். நான் பரீட்சை எழுதிவிட்டு நிற்கிற பையன்போல நின்றேன். எதுவும் மாட்டவில்லை.

பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படகைத் தண்ணீருக்குத் தள்ளுங்க என்றாள். தள்ளினேன். ஏறுவதற்கு நான் காலைத் தூக்கியபோது கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீங்க கரையில இருங்க. ஒருத்தரா ஏத்தி எறக்க முடியுதான்னு நான் பாத்துட்டு வாரேன்."

வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் பாய் ஏறிவிட்டது. சுக்கான் அவள் கையில். நான் அவள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த கதவு, நான் தேவையே இல்லை என்று அவளை அனுப்பிவைத்துவிட்டது. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. படகு சின்னதாகிக்கொண்டே போனபோது சிரிப்பு நின்றுவிட்டது. கையில் இன்னும் இரண்டு நகம் முழுதாக வளரவில்லை. நீச்சல் தெரியும், மிதவைச் சட்டை போட்டிருக்கிறாள், காற்று மெதுவாகத்தான் இருக்கிறது என்று எனக்கு நானே வரிசையாகச் சொல்லிக்கொண்டேன். தூரத்தில் பாய் இறங்கியது. மறுபடி ஏறியது. அப்புறம் ஒரு மீன்பிடிப் படகு குறுக்கே வந்து மறைத்தது. அது விலக ஆன நேரத்தில் நான் முழங்கால்வரை தண்ணீருக்குள் இறங்கியிருந்தேன். அக்கா வீட்டிலிருந்து மோர் வந்தது, வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். உட்காரத் தோன்றவில்லை. யாராவது ஏதாவது கேட்டால் கோபமாக வந்தது.

ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். கரைக்குச் சற்று முன்னால் கயிற்றை விட்டாள். பாய் ஒழுங்காக இறங்கி மடிந்து உட்கார, படகு மெல்ல வந்து மணலைத் தொட்டது. முகமெல்லாம் வெயிலும் உப்பும் சந்தோஷமுமாக இருந்தாள். என்னைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு கொஞ்சம் மாறியது. இறங்காமலே கேட்டாள்.

"ஒரு மணி நேரம் நின்னதுக்கே இந்த மொகமா?"

கையில் இருந்த மோரை அப்படியே அவளிடம் நீட்டினேன்.

"நான் முப்பது வருசமா இப்பிடித்தான் நிக்கேன். எங்கன சத்தம் கேட்டாலும், நீங்க உள்ள வந்து சட்டையக் கழட்டுற வரைக்கும்."

குறையாகச் சொல்லவில்லை. வெயில் அதிகம் என்பதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் அவளிடம் ஒருநாளும் இதைக் கேட்டதில்லை. நான் சாயங்காலம் வரும்போது அவள் அச்சகத்தில் இருப்பாள், அல்லது அடுப்படியில் இருப்பாள். வந்தாச்சா என்பாள், வந்தாச்சு என்பேன், அம்புட்டுத்தான் என்று நினைத்திருந்தேன். அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் தினமும் ஒரு கடற்கரை இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. அவள் அக்கா பார்த்துக்கொண்டிருந்தும் அடக்க முடியவில்லை.

ஏறுங்க, இன்னும் காற்று இருக்கு என்றாள். ஏறினேன். அன்றைக்குச் சுக்கான் அவளிடமே இருந்தது.

வேலைக்குள் போன் கொண்டுபோக எங்களுக்கு அனுமதி கிடையாது, கேட்டில் கொடுத்துவிட வேண்டும். முன்பெல்லாம் சாயங்காலம் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுப்பேன். இப்போது வாங்கியதும், வண்டியில் ஏறுவதற்கு முன்னால், அவளைக் கூப்பிடுகிறேன். வெளியே வந்துட்டேன் என்கிறேன். பின்னால் காலண்டர் தைக்கிற இயந்திரங்களின் சத்தம் கேட்கும். சரி என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள்.